செவிச் சோதனையும் தலைச்சுற்றும்

இலுப்பைக்கடவையில் நான் கற்பித்த வகுப்பொன்றில், மாணவி ஒருத்தி அடிக்கடி மேசைமேல் தலைசாய்த்திருப்பாள். தலையிடியும் தலைச்சுற்றும் என்பாள். செவியைச் சோதித்த மருத்துவர் குறை எதுவும் இல்லை என்றாராம். அஃது அறிந்த நான் அவளைச் சோம்பேறி எனக் கடிந்தேன். அது தவறென உணர்ந்தமையாலேயே இதனை எழுதலுற்றேன்.

செவி கேட்டற்கு மட்டும் உரிய பொறியன்று. நாம் விழாது நிற்றற்கும் துணையாவது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள. அவற்றுள் நீர்மம் நிறைந்துளது. நீருள்ள செம்பைச் சட்டெனத் திருப்பின், உள்ளிருக்கும் நீர் சற்றுப் பின்தங்கும். தலை திரும்புங்கால் இக்குழாய்களிலும் அதுவே நிகழ, நரம்பு அச்செய்தியை மூளைக்கு உணர்த்தும்.

வியன்னா மருத்துவர் றொபேட் பாரனி, காதினுள் நீர் பாய்ச்சிக் கழுவுங்கால் நோயாளர்க்குத் தலைச்சுற்று உண்டாதலைக் கண்டார். குளிர்நீருக்குக் கண்கள் ஒருபுறமும், வெந்நீருக்கு மறுபுறமும் துடித்தன. உட்செவி பற்றிய ஆய்வுகளுக்காக 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவர்க்கு அளிக்கப்பட்டது. இன்றும் 30 பாகை, 44 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரைப் பாய்ச்சி, இரு செவிகளும் ஒத்து இயங்குகின்றனவா என அளப்பர்.

ஆயினும், ஒற்றைத் தலையிடியோடு தொடர்புற்ற தலைச்சுற்று உடையார் பலர்க்கு, நோய் தணிந்த வேளையில் இச்சோதனை குறை எதனையும் காட்டாது. புயல் ஓய்ந்தபின் கரைக்கு வந்தவன், அலையடங்கிய கடலை நோக்கிப் புயலே வந்திலது எனலாமோ?

2012ஆம் ஆண்டில் பாரனி சங்கமும் அனைத்துலகத் தலையிடிச் சங்கமும் இந்நோய்க்கு இலக்கணம் வகுத்தன. தலைச்சுற்று ஐந்து முறையேனும் வந்திருத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் 5 நிமிடம் முதல் 72 மணிவரை நீடித்திருத்தல் வேண்டும். ஒற்றைத் தலையிடி இன்றோ முன்னரோ இருந்திருத்தல் வேண்டும். பாதி முறைகளிலேனும் அத்தகைய தலையிடியோ, ஒளியும் ஒலியும் பொறாமையோ, கண்முன் மின்னல்போன்ற தோற்றமோ உடன்வருதல் வேண்டும். வேறு நோய் காரணமாதலும் ஆகாது. நோயை நிறுவுவது நோயாளியின் வாய்மொழியே. மெனியர் நோய் முதலிய பிறவற்றைப் பிரித்தறியவே சோதனை பயன்படும்.

ஆதலின் தலைச்சுற்று வந்த நாள், நீடித்த நேரம், உடன்வந்த குறிகள் ஆகியவற்றைக் கொப்பியில் குறித்து மருத்துவரிடம் காட்டுக. பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, பார்வை இரட்டித்தல் என்பன உடன் தோன்றின், தாமதியாது வைத்தியசாலை செல்க.

ஆசிரியராயுள்ள பழைய மாணவர்காள்! தலைசாய்த்த பிள்ளையைக் கடியுமுன் ஒருகணம் அதன் சொல்லைக் கேண்மின்.