பொன் வெளுக்குமா?

ஈராண்டுகளுக்கு முன் ஒருநாள், என் தமக்கையின் மகள் ஒரு சிறு செப்பினைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். உள்ளே இருந்தது, மறைந்த என் தமக்கை முப்பது ஆண்டுகள் அணிந்திருந்த மோதிரம். "மாமா, நான் அணிவதெல்லாம் வெண்ணிற நகைகள். அம்மாவின் மோதிரத்தையும் வெள்ளைத் தங்கமாக மாற்றிவிடலாமா?" என்று கேட்டாள். உலோகவியல் கற்பித்துக் காலம் கழித்தவன் நான். ஆயினும் உடனே விடை கூற நா எழவில்லை. பின்னர் அவளிடம் கூறியவற்றையே நேயர்களுக்கும் கூற விழைகின்றேன்.

மஞ்சள் நிறம் பொன்னின் இயல்பு. தேய்த்தாலும் காய்ச்சினாலும் அது நீங்காது. வெள்ளைத் தங்கம் என்பது தனி உலோகமன்று. பொன்னோடு பல்லேடியம் அல்லது நிக்கலும், வெள்ளி, துத்தநாகம் முதலியனவும் சேர்ந்த கலவையே. 18 காரட் கலவையில் நூற்றுக்கு 75 பங்கு பொன். எஞ்சிய 25 பங்குதான் மஞ்சளை அடக்குகின்றது. நம் நகைகளோ பெரும்பாலும் 22 காரட். அவற்றில் பிற உலோகங்களுக்கு உள்ள இடம் 24-இல் 2 பங்கே. வெண்மை தர அது போதாது.

ஆகவே வழிகள் இரண்டு. முதலாவது, நகையை உருக்குதல். பழைய நகையிலுள்ள செம்பு செந்நிறம் காட்டுமாதலால், முதலில் பொன்னைப் பிரித்தெடுத்தல் நன்று. 8 கிராம் எடையுள்ள 22 காரட் மோதிரத்தில் தூய பொன் ஏறத்தாழ 7.33 கிராம். அதனை 18 காரட் கலவையாக்கினால், சேதாரம் கழிக்காமல், 9.78 கிராம் கிடைக்கும். எடை கூடியதென்று மகிழ வேண்டா, கூடியது பொன்னன்று. மேலும், கைக்கு மீள்வது வேறொரு மோதிரமே.

இரண்டாவது, ரோடியம் முலாம். பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்வுலோகத்தை 1804-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் ஆங்கில அறிஞர் வொல்லாஸ்டன். நகையை மெருகிட்டு, பிசுக்கு அகலத் துலக்கி, ரோடியக் கரைசலில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால் மிக மெல்லிய வெண்படலம் படிகின்றது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறளவுகூட அது பெரும்பாலும் தேறாது. கடைகளில் மின்னும் வெள்ளைத் தங்க நகைகளிலும் பல இம்முலாம் பெற்றவையே.

மெல்லிய படலம் தேயத்தானே செய்யும்? காதணியில் நெடுநாள் நிற்கும். ஓயாது உராயும் மோதிரத்தில் ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்துவிடலாம். அடியில் வெள்ளைத் தங்கமாயின் வேறுபாடு சிறிதே தெரியும். மஞ்சள் பொன்னாயின் உடனே வெளிப்படும். மறுமுறை முலாமிட மெருகிடும்போதெல்லாம் பொன்னும் சிறிது தேயும். எனவே இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவுங்கள்; பற்பொடியும் சாம்பலும் ஆகா. சலவைத் தூள் கலந்த நீரிலும் நீச்சல் குளத்திலும் நகையைக் கழற்றிவிடுங்கள். முத்துப் பதித்திருந்தால் முலாமிடுமுன் அதனை அகற்றச் சொல்லுங்கள். நிக்கல் கலந்த நகை சிலர் தோலில் அரிப்பை உண்டாக்கும். அத்தகையோர் பல்லேடியம் கலந்ததைக் கேட்டு வாங்குதல் நலம்.

இவ்வளவும் கேட்டபின் அவள் முலாமே போதும் என்றாள். அண்மையில் வந்தபோது விரலை நீட்டிக் காட்டினாள். உள்ளங்கைப் பக்கம் வெண்மை தேய்ந்து, பழைய மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"மீண்டும் முலாமிட வேண்டுமா?" என்றேன்.

"வேண்டாம் மாமா, அந்தப் பக்கம் அம்மாவுடையதாகவே இருக்கட்டும்" என்றாள்.