தோற்றும் கிடைத்த கைதட்டல்

2002 நவம்பரில் அக்ரன் அணியுடன் நடந்த அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில், மார்ஷல் பல்கலைக்கழக அணியில் பந்து வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கான பைரன் லெஃப்ட்விச்சுக்கு இடது கால் எலும்பு முறிந்தது. மருத்துவமனை போய் வந்தவர் மறுபடி களமிறங்கினார். அவர் நீளமாக வீசிய பந்து பிடிபட்டதும், நடக்கத் திணறியவரைச் சக வீரர்கள் இருவர் அலாக்காகத் தூக்கிக்கொண்டு முன்னேறினார்கள். மார்ஷல் 20-34 என்று தோற்றது. அப்படியும் ரசிகர்கள் அந்தக் காட்சியைக் கொண்டாடுகிறார்கள் என்றால், அவர்கள் மெச்சுவது வெற்றியை அல்ல, விட்டுக்கொடுக்காத மனத்தையும் தோள் கொடுத்த தோழமையையும்தான். இந்தப் புகழ்ச்சி இளைஞர்களை உடம்பைக் கெடுத்துக்கொள்ளத் தூண்டாதா? தூண்டலாம். அதனால்தான், ஆடலாமா வேண்டாமா என்பதை ஆரவாரம் அல்ல, மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் கைதட்டினால் தவறில்லை.