எடிட்டரில் மாற்றியாயிற்று, ஷெல் மறக்கவில்லை

பெண்ணாடத்திலோ விருத்தாசலத்திலோ மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு 2019 முதல் பைத்தான்தான் பாடம். லேபில் ஐடில் என்ற மென்பொருளைத் திறந்ததும் >>> என்ற குறியோடு ஷெல் வந்து நிற்கும். ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் அந்த நொடியே விடை. கன்ட்ரோல்-என் அழுத்தினால் எடிட்டர் திறக்கும். எழுதிச் சேமித்து எஃப்5 தட்டினால் நிரல் முழுவதும் ஓடும். பாடநூல் இவற்றை இரண்டு தனித்தனி முறைகளாகச் சொல்லித் தருகிறது. நிரல் எழுதுவதையே வேலையாகக் கொண்டவர்களோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பழக்கம் பள்ளியிலேயே வர வேண்டும் என்பது என் ஆசை.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். களிமண் பொம்மை காயும்போது நீர் போய்ச் சுருங்கும். சூளையில் வேகும்போது துகள்கள் நெருங்கி மேலும் சுருங்கும். வெந்த பொம்மை 100 மி.மீ. உயரம் இருக்க வேண்டுமானால் அச்சு அதைவிடப் பெரிதாக வேண்டும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். இங்கே மொத்தச் சுருக்கம் 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால் எடிட்டரில் இப்படியே எழுதலாம்:

சுருக்கம் = 0.12
அச்சு = 100 / (1 - சுருக்கம்)

எஃப்5 தட்டிவிட்டு, ஷெல்லில் 'அச்சு' என்று மட்டும் கேட்டால் 113.63 சொச்சம் என்று பதில் வரும். நிரல் ஓடி முடிந்தும் மதிப்புகள் நினைவகத்தில் இருக்கின்றன. கையில் இருப்பது 110 மி.மீ. அச்சுதான் என்றால்? 110 * (1 - சுருக்கம்) என்று ஷெல்லிலேயே தட்டிப் பார்க்கலாம்: 96.8. எடிட்டரில் ஓர் எழுத்தையும் தொடவில்லை.

தட்டியதும் விடை தரும் இந்த ஏற்பாடு பைத்தானைவிட வயதில் மூத்தது. 1960களிலேயே லிஸ்ப் மொழியில் இருந்தது. பைத்தானில் அதை வளர்த்தவர் ஃபெர்னாண்டோ பெரேஸ். கொலராடோவில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, 2001இல் ஐபைத்தான் என்ற ஷெல்லைத் தொடங்கினார். 2009இல் வந்த ஸ்பைடர் என்ற மென்பொருள், எடிட்டரையும் ஐபைத்தான் ஷெல்லையும் ஒரே சன்னலுக்குள் கொண்டுவந்தது. நம் நாட்டுக் கல்லூரிகளில் பைத்தானைப் பரப்பிய ஐ.ஐ.டி. பாம்பேயின் ஃபாஸி திட்டமும் ஐபைத்தானை வைத்தே பாடம் நடத்தியது.

ஸ்பைடரில் எஃப்9 அழுத்தினால் கர்சர் நிற்கும் வரி மட்டும் ஷெல்லுக்குப் போகும். பெரிய வசதி, ஆபத்தும் இங்கேதான். மேலே உள்ள இரண்டு வரிகளையும் ஸ்பைடரில் ஒரு முறை ஓட்டிவிட்டு, முதல் வரியை 'குறைவு = 0.10' என்று மாற்றுகிறீர்கள். இரண்டாம் வரியில் பெயரை மாற்ற மறந்துவிட்டீர்கள். இரண்டையும் எஃப்9 போட்டு ஓட்டினால் பிழை எதுவும் வராது. 'சுருக்கம்' என்ற பழைய பெயர் 0.12 என்ற மதிப்போடு நினைவகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனவே விடை அதே 113.63. வந்திருக்க வேண்டியது 111.11. திரையில் நிரல் ஒன்று சொல்கிறது, ஷெல் வேறொன்றைக் கணக்கிடுகிறது. இரண்டரை மி.மீ. தவறோடு அச்சு வெட்டப் போய்விடும். சத்தமில்லாமல் வரும் இந்தப் பிழையில் அனுபவசாலிகளும் விழுகிறார்கள்.

ஐடிலின் எஃப்5 வேறு மாதிரி. ஷெல்லை அழித்துப் புதிதாகத் தொடங்கிவிட்டுத்தான் நிரலை ஓட்டும். ஷெல்லில் 'ரீஸ்டார்ட்' என்று ஒரு கோடு விழுவது அதனால்தான். இதே தவறு அங்கே நடந்தால், 'சுருக்கம்' என்ற பெயரே தெரியாது என்று இரண்டாம் வரியில் பைத்தான் நின்றுவிடும். சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள்கிறார்கள். மிரளத் தேவையில்லை, எந்த வரி என்பதைக்கூட அது சொல்லிவிடுகிறது.

ஆகவே செய்முறை வகுப்பில் நிரல் ஓடியதும் சன்னலை மூடச் சொல்லாமல், ஷெல்லில் பத்து நிமிடம் கேள்வி கேட்க விடுங்கள், ஆசிரியர்களே. சுருக்கம் 8 விழுக்காடானால் என்ன, 15 ஆனால் என்ன என்று பிள்ளைகள் தட்டிப் பார்க்கட்டும். ரெக்கார்டு நோட்டில் விடையை எழுதும் முன் மட்டும் இன்னொரு முறை எஃப்5 தட்டச் சொல்லுங்கள்.