கதவுகள் எட்டு, வேலை ஒன்று

பயிற்சிக்கும் வேலைக்கும் இடையே பாலம் கட்டக் கேரளம் ஏஜென்சி மேல் ஏஜென்சியாக அமைத்துவிட்டது. ஆனால் எந்தப் படியில் ஏறுவது என்பதுதான் இளைஞர்களுக்குப் புரியவில்லை.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் கோட்டைப் பகுதியை அடுத்திருக்கிறது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் ஊருக்குப் பெயர் தந்தவை. கோட்டையைச் சுற்றிய தெருக்களில் வீட்டுக்குள் தமிழ், வாசலில் மலையாளம் என்று வாழும் குடும்பங்கள் பல. அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அக்கா நர்சிங் முடித்தவள். தம்பி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். இருவர் பெயரும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்பதால் அப்பா தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த அட்டைக்கும் கேரளத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945-ல், படையிலிருந்து திரும்புவோருக்கு வேலை தேடித் தர மத்திய அரசு தொடங்கிய ஏற்பாடு இது. 1956 நவம்பர் 1-ம் தேதி அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. கன்னியாகுமரியைத் தமிழகத்துக்குக் கொடுத்துவிட்டுக் கேரள மாநிலம் பிறந்ததும் அதே நாளில்தான்.

அட்டைக்கு இருந்த மவுசு வேறு. 1959-ம் வருடச் சட்டப்படி, 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. ஓட்டை அங்கேயே இருந்தது. 1996-ல் ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டக் கலால் துறை வழக்கில், பட்டியலை மட்டும் நம்பாமல் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் சீனியாரிட்டியின் பலம் மேலும் குறைந்தது. இன்று கேரள வேலைவாய்ப்பு அலுவலகம் அரசுத் துறைகளுக்கு அனுப்புவது பெரும்பாலும் 179 நாள் தற்காலிக வேலைக்கான பெயர்களைத்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 1959-ம் வருடச் சட்டத்தையும் தன்னுள் இழுத்துக்கொண்டது.

வரிசையில் நிற்பது மட்டும் போதாது, கையில் தொழில் வேண்டும் என்பதை அரசு உணராமல் இல்லை. 2012-ல் தொழிலாளர் துறையின் கீழ் ‘கேரளா அகாதெமி ஃபார் ஸ்கில்ஸ் எக்ஸலன்ஸ்’ உருவானது. சுருக்கமாக ‘கேஸ்’. தமிழ்க் காதுக்குக் கோர்ட்டு வழக்கு போல ஒலித்தாலும், மாநிலத்தில் நடக்கும் தொழில் பயிற்சிகளை ஒருங்கிணைப்பதுதான் அதன் வேலை. மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் குழுக்களும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், ஒருங்கிணைக்கப்பட வேண்டியவை அனைத்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல. தொழிலாளர் துறையின் குடையில் வேலைவாய்ப்புத் துறை, ஐ.டி.ஐ.களை நடத்தும் தொழிற்பயிற்சித் துறை, 1977 முதல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒடெபெக், இவற்றோடு கேஸ். கல்லூரி மாணவர்களுக்கான ‘அஸாப்’ உயர்கல்வித் துறையைச் சேர்ந்தது. நோர்க்கா ரூட்ஸ் வெளிநாடுவாழ் கேரளியர் துறைக்கு உட்பட்டது. பெண்கள் சுய உதவி இயக்கமான குடும்பஸ்ரீ உள்ளாட்சித் துறையோடு இணைந்தது. அதுவும் ஏழை இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வேலையில் அமர்த்துகிறது. ஐந்தாண்டில் 20 லட்சம் பேருக்கு வேலை என்ற இலக்குடன் 2021-ல் அறிவுப் பொருளாதார மிஷனைத் தொடங்கியது கே-டிஸ்க். ஆக, கதவுகள் எட்டு.

இவ்வளவு இருந்தும் தேவை தீரவில்லை. 2023-24-ம் ஆண்டுக்கான மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயதுக்குள் இருப்போரில் வேலையின்மை நாடு முழுவதும் 10.2 சதவீதம். கேரளத்தில் 29.9 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 47.1 சதவீதம். அதாவது வேலை செய்யும் அல்லது வேலை தேடும் இளம்பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு வேலை கிடைக்கவில்லை. படிப்பில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தின் கணக்கு இது.

ஆனாலும் ஸ்ரீவராகத்து அக்காவுக்கு வழி கொஞ்சம் தெளிவாகவே இருக்கிறது. காரணம், கசப்பான அனுபவம். குவைத்துக்குப் போகும் நர்சுகளிடம் தனியார் ஏஜென்டுகள் பல லட்சம் ரூபாய் கறந்த விவகாரம் வெடித்ததும், 2015 ஏப்ரல் 30 முதல் குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு ஏஜென்சிகள் மூலமே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. நோர்க்கா ரூட்ஸும் ஒடெபெக்கும் அந்தப் பொறுப்பைப் பெற்றன. 1978-ல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் பின்னர் பட்டியலில் சேர்ந்தது.

அடுத்த படி ஜெர்மனி. 2021 டிசம்பரில் ஜெர்மானிய அரசின் வேலைவாய்ப்பு ஏஜென்சியுடன் நோர்க்கா ரூட்ஸ் ‘டிரிப்பிள் வின்’ ஒப்பந்தம் செய்துகொண்டது. இதில் கவனிக்க வேண்டியது வரிசைமுறை. முதலில் நேர்முகத் தேர்வு. தேர்வானவர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி, அதுவும் இலவசமாக. பிறகு ஆஸ்பத்திரி வேலை. பயிற்சிக்குள் நுழையும்போதே அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரிந்துவிடுகிறது.

தம்பியின் கதை தலைகீழ். முதலில் படிப்பு, பிறகு சான்றிதழ், பிறகு காத்திருப்பு. பக்கத்துச் சாக்கை ஐ.டி.ஐ. சான்றிதழ் தருகிறது, வேலைவாய்ப்பு அலுவலகம் அதைப் பதிவு செய்கிறது. அந்தச் சான்றிதழைப் பார்த்து ஒரு கம்பெனி கூப்பிட வேண்டுமே, அது யார் பொறுப்பு? குறுகிய காலப் பயிற்சி ஒன்றில் சேரலாம் என்றாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அவனேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

உள்நாட்டிலும் வரிசையை மாற்ற முடியும் என்பதற்கு உதாரணம் தூரத்தில் இல்லை. கொல்லம் மாவட்டம் சவறாவில் 2018-ல் திறக்கப்பட்ட கட்டுமானத் தொழில் பயிற்சி நிலையம் கேஸின் கீழ் இயங்குகிறது. அதை நடத்துவது 1925-ல் வடகரைப் பக்கம் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். சாலையும் பாலமும் கட்டுகிறவர்களே பாடம் நடத்தும்போது, எதைக் கற்றால் வேலை கிடைக்கும் என்பதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

காசும் ஒரு விஷயம். 1982-ல் தொடங்கிய வேலையில்லாதோர் உதவித்தொகை நெடுங்காலமாக மாதம் 120 ரூபாயிலேயே நின்றது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 12,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் கிடையாது. பஸ் கட்டணத்துக்கே பத்தாத தொகை. 2025 அக்டோபரில் கேரள அரசு வேறு பாதையைக் காட்டியது. தொழில் பயிற்சியிலோ போட்டித் தேர்வுத் தயாரிப்பிலோ இருக்கும் ஏழைக் குடும்ப இளைஞர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தது. சும்மா இருப்பதற்கு அல்லாமல் கற்பதற்குப் பணம் என்ற எண்ணம் சரியானது. ஆனால் கற்றபின் என்ன என்ற கேள்விக்குப் பணம் பதிலாகாது.

தமிழகமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அங்கே 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பெரும்பகுதி திறன் மேம்பாட்டுக் கழகம் என்ற ஒரே அமைப்பின் கையில் இருக்கிறது. கதவு குறைவு என்பது வசதி. ஆனால் அங்கும் இங்கும் அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க முடியும். எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்ற கணக்கு அரசு அறிக்கைக்கு அழகு. ஒரு வருடம் கழித்தும் எத்தனை பேர் அதே வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்குதான் வீட்டுக்கு உபயோகம்.

எட்டு அமைப்புகளையும் ஒன்றாக்க வேண்டும் என்பதில்லை. ஐ.டி.ஐ.யில் சேரும்போது எழுதிக்கொடுத்த விவரம் மற்ற ஏழு இடத்துக்கும் தானாகப் போய்ச் சேர்ந்தால் போதும். எந்த ஒரு கவுன்டரில் கேட்டாலும் எட்டின் நிலவரமும் தெரிய வேண்டும். முடிந்தால் அந்தக் கவுன்டரில் தமிழும் பேசலாம். இந்த நகரத்தில் அதற்கு ஆள் பஞ்சம் இல்லை.

அதுவரை ஒருங்கிணைப்பு வேலையைச் செய்வது ஸ்ரீவராகத்து அப்பாதான். ஒரு கையில் மகனின் ஃபைல், மறு கையில் பஸ் டிக்கெட்.