கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்

நள்ளிரவு கடந்த நேரம். பெங்களூரில் ஓர் அலுவலகம். வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஹெட்போன் அணிந்த ஒருவர். பேச்சொலி இல்லை. விசைப்பலகைகளின் ஓசை மட்டுமே இடைவிடாது கேட்கிறது. அவர்களுள் ஒருவர் மட்டும் தட்டச்சு செய்வதை நிறுத்துகிறார். காலடியிலுள்ள ஃபுட் பெடலை மிதித்து ஒலிப்பதிவைச் சற்றே பின்னோக்கி ஓட்டுகிறார், மீண்டும் கேட்கிறார். ஐந்தாம் முறையும் அந்தச் சொல் விளங்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி அடுத்த இருக்கையை நோக்கி நீட்டி, “சேச்சி, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்” என்கிறார்.

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்னும் தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவர்கள் நாங்கள். அத்தொழிலைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எங்கள் நினைவில் முதலில் எழுவது, நீட்டப்பட்ட அந்த ஹெட்போன்தான்.

பணி இதுதான். அமெரிக்க மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், தாம் கண்டதையும் செய்ததையும் தொலைபேசியிலோ ஒலிப்பதிவுக் கருவியிலோ பேசிவிடுவார். அந்த ஒலிக்கோப்பு இணையத்தின் வழியே இந்தியா வந்து சேரும். அதைக் கேட்டு, முறையான மருத்துவ அறிக்கையாகத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். நியூயார்க்கில் மாலை ஆறு மணியாகும்போது இங்கே மறுநாள் அதிகாலை மூன்றரை அல்லது நாலரை மணி. அங்கே மருத்துவர் உறங்கி எழுவதற்குள் இங்கே அறிக்கை ஆயத்தமாகிவிடும். இந்தக் கால வேறுபாடும் ஆங்கிலம் கற்ற பட்டதாரிகளும் இருந்தமையால், 1990-களின் பிற்பகுதியிலிருந்து பெங்களூர், சென்னை, ஐதராபாத், கோயம்புத்தூர், கொச்சி முதலிய நகரங்களில் இத்தொழில் வேரூன்றியது. அறிவியல் பட்டம் பெற்ற இளைஞர் பலருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, முதல் சம்பளத்தையும் முதல் வங்கிக் கணக்கையும் தந்தது இத்தொழில்.

காதில் விழுவதும் ஏட்டில் இருப்பதும்

ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று எண்ணித்தான் நாங்களும் சேர்ந்தோம். முதல் வாரமே அந்த எண்ணம் கலைந்தது. மருத்துவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள், நடந்துகொண்டே பேசுவார்கள், பின்னணியில் கருவிகள் ஒலிக்கும். அமெரிக்காவில் பணியாற்றும் மருத்துவர்களோ உலகின் பல நாடுகளிலிருந்து சென்றவர்கள். ஒரே சொல் பத்து வாய்களில் பத்து விதமாக ஒலிக்கும்.

அதனினும் பெரிய இடர், சொற்களே ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பது. ‘ஹைப்பர்டென்ஷன்’ என்றால் உயர் இரத்த அழுத்தம். ‘ஹைப்போடென்ஷன்’ என்றால் தாழ் இரத்த அழுத்தம். ‘டிஸ்ஃபேஜியா’ விழுங்குவதில் உள்ள தடை; ‘டிஸ்ஃபேசியா’ பேசுவதில் உள்ள தடை. ‘இலியம்’ என்னும் ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டுகள் உண்டு: ஒன்று சிறுகுடலின் கடைப்பகுதி, மற்றொன்று இடுப்பெலும்பு. ‘அஃபெப்ரைல்’ என்று சேர்த்து எழுதினால் காய்ச்சல் இல்லை என்று பொருள். இடையில் வெறும் இடம் ஒன்றை விட்டுப் பிரித்துவிட்டால் காய்ச்சல் உள்ளவர் என்றாகிவிடும்.

மருந்துப் பெயர்களில் இது இன்னும் நுட்பம். மூட்டுவலிக்கான ‘செலிப்ரெக்ஸ்’, மனச்சோர்வுக்கான ‘செலெக்ஸா’, வலிப்புக்கான ‘செரிபிக்ஸ்’ ஆகிய மூன்றும் விரைவான பேச்சில் ஒன்றாகவே கேட்கும். அமெரிக்காவில் ‘லோசெக்’ என்னும் வயிற்றமில மருந்து, சிறுநீர் பெருக்கும் ‘லாசிக்ஸ்’ மருந்தோடு குழம்பியதால், 1990-இல் அதன் பெயரையே ‘ப்ரைலோசெக்’ என்று மாற்றினார்கள். மருத்துவர்களும் மருந்தாளுநர்களுமே குழம்பிய இடம் அது.

அகராதியைப் புரட்டலாமே எனலாம். எங்கள் மேசைகளில் டார்லண்ட் அகராதியும் ஸ்டெட்மன் அகராதியும் எப்போதும் இருந்தன. ஆயினும் முதலெழுத்துத் தெரிந்தால்தானே அகராதி உதவும்? ‘சோவஸ்’ என்று காதில் விழும் இடுப்புத் தசையின் பெயர் ‘பி’ எழுத்தில் இருக்கிறது. ‘டெரிஜியம்’ என்னும் கண்படலமும் அதே ‘பி’-யில்தான். ‘ஜைஃபாய்ட்’ என்னும் மார்பெலும்பின் நுனியைத் தேட ‘எக்ஸ்’ எழுத்துக்குப் போக வேண்டும். முன்னரே ஒருமுறை தேடிக் களைத்தவர் அருகில் இருந்தால்தான் இவை கிடைக்கும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

தமிழில் ‘கேள்’ என்னும் வினை, செவியால் கேட்பதையும் வாய்விட்டு வினவுவதையும் ஒருங்கே குறிக்கிறது. எங்கள் தொழிலில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை.

விளங்காத சொல்லைப் பிறரிடம் கொண்டுசெல்லும் முன் நாமே செய்ய வேண்டியவை சில இருந்தன. முதலில், அந்த இடத்தில் நின்றுவிடாமல் ஒலிப்பதிவை இறுதிவரை கேட்பது. தொடக்கத்தில் மருத்துவர் விழுங்கிய சொல்லை முடிவுரையில் தெளிவாகச் சொல்லிவிடுவது உண்டு. அடுத்து, வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் கேட்பது. பிறகு, அதே மருத்துவரின் பழைய அறிக்கைகளைப் பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் பழகிய சொற்றொடர்கள் இருக்கும். இவற்றிலும் பயனில்லையெனில் ஹெட்போன் கைமாறும்.

கைமாறும்போது கண்டிப்பான ஒரு விதி உண்டு. நமக்கு என்ன கேட்டது என்பதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அடுத்தவர் செவியும் அதையே பிடித்துக்கொள்ளும். திரையையும் பார்க்கக் கூடாது. அவர் தம் செவியால் தனியே கேட்டு, தமக்குப் பட்டதைச் சொன்ன பின்னரே இருவரும் ஒப்பிட வேண்டும்.

இம்முறை பயன்பட்டதற்கு ஒரு காரணம், எங்கள் தாய்மொழிகள் வேறுவேறாக இருந்தமை. தமிழில் ‘ப’ என்னும் ஓர் எழுத்தே ஆங்கிலத்தின் ‘பி’ எனப்படும் இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால், எங்கள் செவி அங்கே தடுமாறும். வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தோழருக்கு அவை தெளிவாகப் பிரியும். அவருக்கு ‘வி’ ஒலியில் ஐயம் எழும்போது நாங்கள் துணை நிற்போம். பல மாநிலத்தவர் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தது அந்த அலுவலகத்துக்கு ஒரு வலிமை.

வெளியே சொல்லக் கூடாதவையும் இருந்தன. நோயாளியின் மறைபொருளைக் காக்கும் ஹிப்பா சட்டம் அமெரிக்காவில் 1996-இல் இயற்றப்பட்டது. ஆதலின் உதவி கேட்கும்போதும் அந்தச் சொல், அதன் முன்பின் வாக்கியம் ஆகியவற்றையே பகிரலாம். யாருடைய அறிக்கை என்பதைப் பேசுவதில்லை. வங்கியில் பணிபுரிவோருக்கு இந்த ஒழுக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

வட்டியில்லாக் கைமாற்று

இந்த உதவிக்கு ஒரு விலை இருந்தது. எங்களுக்கு ஊதியம் வரிக் கணக்கில். இடைவெளிகளையும் சேர்த்து 65 எழுத்துகள் கொண்டது ஒரு வரி. மாத முடிவில் எத்தனை வரிகள் என்பதே கணக்கு. ஒரு சொல்லுக்காக இருபது நிமிடம் போராடினாலும் அது ஒரு சொல்லே. அடுத்தவர் ஹெட்போனை வாங்கி அணியும் ஒவ்வொரு முறையும் உதவுபவர் தம் வரிகளை இழக்கிறார். கேட்பவருக்குத் தயக்கமும் கொடுப்பவருக்கு இழப்பும் உண்டு. ஊரில் அண்டை வீட்டார் கொடுத்து வாங்கும் வட்டியில்லாக் கைமாற்றைப் போலத்தான் அது நடந்தது. இன்று வாங்கியவர் நாளை கொடுப்பார் என்னும் நம்பிக்கையே அதன் ஈடு.

எங்கள் வரிசையில் மூத்தவர் கேரளத்திலிருந்து வந்த ஓர் அம்மையார். எல்லோருக்கும் அவர் சேச்சி. ஒருநாள் விபத்தில் கால் முறிந்தவரின் அறிக்கையை முடித்து, ஒரு சொல்லில் சிறு ஐயம் இருந்ததால் அவரிடம் காட்டினோம். ‘பெரினியல்’ நரம்பு பாதிக்கப்பட்டதாக எழுதியிருந்தோம். அவர் ஒலியைக் கேட்கும் முன்பே ஒரு வினா எழுப்பினார்.

“அடிபட்டது எங்கே?”

“முழங்காலுக்குக் கீழே, சேச்சி.”

“அப்படியானால் இந்த நரம்பு அங்கே எப்படி வந்தது?”

எழுதியிருக்க வேண்டியது ‘பெரோனியல்’. அது காலின் வெளிப்புறத்தில் ஓடும் நரம்பு. நாங்கள் எழுதியதோ இடுப்பின் அடிப்பகுதியைக் குறிக்கும் சொல். ஓர் உயிரெழுத்தில் நோயாளியின் காயம் இடம் மாறியிருந்தது. அவர் திருத்திக் கொடுத்துவிட்டுத் தம் திரைக்குத் திரும்பினார். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அன்று முதல் நாங்கள், ‘என்ன கேட்டது’ என்பதோடு ‘அது இங்கே பொருந்துமா’ என்றும் எங்களையே வினவிக்கொள்ளப் பழகினோம்.

காலியிடத்தின் நேர்மை

இருவர் கேட்டும், மூவர் கேட்டும் விளங்காத சொற்கள் உண்டு. அவற்றுக்கு என்ன செய்வது? தொழிலின் விதி தெளிவானது: ஊகித்து எழுதாதே, இடத்தைக் காலியாக விடு. அந்தச் சொல் ஒலிப்பதிவின் எந்த நிமிடத்தில் எந்த நொடியில் வருகிறது என்பதைக் குறித்து மேலாய்வாளருக்கு அனுப்பு. அவராலும் இயலாவிடில் அது மருத்துவரிடமே திரும்பிப் போகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காலியிடம் விடுவது தோல்வியாகத் தோன்றும். மிகுதியான காலியிடங்கள் மதிப்பீட்டைக் குறைக்கும் என்ற அச்சமும் இருக்கும். அந்த அச்சத்தில் பொருந்துவதுபோல் தோன்றும் ஒரு சொல்லை இட்டு நிரப்பிவிடத் தோன்றும்.

அவ்வாறு நிரப்பப்படும் பிழை எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு வழக்கு சான்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு இல்லத்திற்கு மாற்றப்பட்ட நீரிழிவு நோயாளி ஒருவருக்கு 8 யூனிட் இன்சுலின் தர வேண்டியிருந்தது. இந்தியாவில் தட்டச்சு செய்யப்பட்ட அவரது அறிக்கையில் அது 80 யூனிட் என்று பதிவாகியிருந்தது. அந்த அளவே செலுத்தப்பட்டது, அவர் பிழைக்கவில்லை. 2012-ஆம் ஆண்டில் அங்குள்ள நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தட்டச்சு செய்தவர், சரிபார்த்தவர், மருத்துவமனை, மருந்தளித்தவர் என்று எத்தனையோ வாசல்களைக் கடந்து சென்றது அந்தச் சுழியம். ஏதேனும் ஒரு வாசலில் எவரேனும் ஒருவர் “இது சரிதானா?” என்று கேட்டிருக்கலாம்.

எண்களைக் குறித்து இதனால்தான் தனி எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’ என்பதும் ‘ஃபிஃப்டி’ என்பதும் ஒன்றுபோல் ஒலிப்பதால், ‘ஒன், ஃபைவ்’ என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்லுமாறு மருந்துப் பாதுகாப்பு வழிகாட்டிகள் அறிவுறுத்துகின்றன. காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா? இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். ஒன்றையே இரு வழிகளில் சொல்லிவைப்பது பணத்துக்கு நாம் தரும் பாதுகாப்பு. மருந்தின் அளவுக்கும் அத்தகைய பாதுகாப்பு வேண்டும்.

இன்றும் தேவைப்படும் வினா

இன்று அந்த அறைகள் மாறிவிட்டன. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் முதல் வரைவைத் தந்துவிடுகின்றன. மனிதர்கள் அதைத் திருத்துகிறார்கள். மின்னணுப் பதிவேடுகளில் மருத்துவர்களே நேரடியாக எழுதுவதும் மிகுந்துவிட்டது. எங்களோடு இருந்தவர்களுள் பலர் மெடிக்கல் கோடிங் போன்ற துறைகளுக்குச் சென்றுவிட்டனர். விளங்காத சொல் வந்தால், பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் போல் மென்பொருள் தயங்குவதில்லை. பொருத்தமாகத் தோன்றும் ஒன்றைப் பிழையற்ற நடையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஆதலின் சரிபார்ப்பவரின் செவிக்கு முன்னிலும் விழிப்புத் தேவைப்படுகிறது.

வாசகர்களாகிய உங்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. நம் நாட்டில் மருத்துவர்கள் மருந்துச் சீட்டைத் தெளிவாகவும், இயன்றவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்று 2016-இல் விதி திருத்தப்பட்டது. எனினும் சீட்டைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையதும் ஆகும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கோப்பில் செருகும் முன் சில நிமிடம் ஒதுக்குங்கள். பெயரும் வயதும் சரியா? ஒவ்வாத மருந்துகள் குறிக்கப்பட்டுள்ளனவா? வலப்பக்கம், இடப்பக்கம் மாறவில்லையே? ஒவ்வொரு மருந்தின் அளவும், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதும் தெளிவாக உள்ளனவா? விளங்காத சொல் ஒன்று இருந்தாலும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். மருந்துக்கடையில் தருபவர் படிக்கத் திணறினால், அவரை ஊகிக்க விடாமல் மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

கேட்பதற்குத் தயக்கம் வருவது இயல்பே. எங்களுக்கும் வந்தது. மூன்று மணிக்கு, தம் வரிகளைத் துரத்திக்கொண்டிருந்த ஒருவரின் தோளைத் தொடுவது எளிதாக இருந்ததில்லை. ஆயினும் சேச்சி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஹெட்போனை அணிந்து, கண்களை மூடிக்கொண்டு, “மறுபடி ஓட்டு” என்பார். கடல்களுக்கு அப்பால் இருந்த அந்த நோயாளியை எங்களில் எவரும் கண்டதில்லை. அவருக்கு உரிய சொல் இரண்டு செவிகளின் வழியே சரியாகச் சென்று சேர்ந்தது.