குளிர்ப்பெட்டிக்குள் ஒரு கோள்மூட்டி!

சித்திரை மாதம். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் நெருங்குகிறது. மதுரை வீடுகளில் விருந்தாளிகள் வந்து குவிகிறார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தானா குளிர்ப்பெட்டி மக்கர் பண்ண வேண்டும்? ஃப்ரீஸரில் வைத்த ஐஸ்க்ரீம் பாயசமாகி நிற்கிறது. சில வீடுகளில் அதற்கு நேர் எதிர்: கீழ்த்தட்டில் இருக்கும் பால் பாறையாகிக் கிடக்கிறது!

மெக்கானிக் வருகிறார். பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்க்கிறார். "கேஸ் இறங்கிப் போச்சும்மா!" என்கிறார்.

தாய்மார்களே, உடனே தலையை ஆட்டிவிடாதீர்கள். கேஸ் இறங்கிய பெட்டி பாலை உறைய வைப்பது அபூர்வம். அந்தப் பெட்டிக்குக் குளிரூட்டத் தெம்பு இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. அதைச் சொல்லும் உத்தியோகம் சென்ஸார் என்கிற ஒரு சின்ன மணிக்கு. பட்டாணி அளவுதான் இருக்கும். அதிலிருந்து இரண்டு வயர்கள் போகும்.

இந்த மணிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. உலோகங்கள் சூடேறினால் மின்சாரத்தை அதிகமாக எதிர்க்கும். வெள்ளி ஸல்ஃபைடு மட்டும் சூடேற ஏற எதிர்ப்பைக் குறைத்துக் கொள்வதை 1833-ல் மைக்கேல் ஃபாரடே கவனித்தார். அதே வருஷம்தான் பாஸ்டன் நகரிலிருந்து முதல் ஐஸ் கப்பல் கல்கத்தா வந்து சேர்ந்தது. பின்னால் சென்னைக் கடற்கரையில் அந்த ஐஸுக்காகக் கட்டிய வீடுதான் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஐஸும் இந்த மணியும் ஒரு விதத்தில் ஒட்டிப் பிறந்தவை!

நம் பெட்டியில் உள்ள மணியும் அந்த ஜாதிதான். குளிரக் குளிர அதன் எதிர்ப்பு ஏறும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் போர்டு கம்ப்ரஸரை ஓட்டுகிறது, நிறுத்துகிறது. மணிக்குள் ஈரம் கசிந்தால் எதிர்ப்பு குறைந்துவிடும். "ஐயோ, இங்கே ஒரே வெக்கை!" என்று அது கோள் சொல்லும், கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். வயர் இணைப்பு அரித்துப் போனாலோ எதிர்ப்பு ஏறிவிடும். "போதும், பனி கொட்டுகிறது!" என்று சொல்லும், கம்ப்ரஸர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

பாலும் ஐஸ்க்ரீமும் போனால் போகட்டும். வீட்டில் பெரியவருக்கு இன்சுலின் இருந்தால்? அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. ஒரு முறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் போடக் கூடாது. பால் உறைந்த அன்றே மருந்தைப் பக்கத்து வீட்டுப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இனி விசாரணை. ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் இந்த மணியே கிடையாது. பழைய பாணி தெர்மோஸ்டாட்தான். ஐஸ் கட்டாத இரட்டைக் கதவு ரகம் என்றால் மேலே படியுங்கள். கதவு ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா, உள்ளே விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். மணி மேல் வீண் பழி வேண்டாம். பெட்டியின் சீட்டில் 'டி' என்ற எழுத்து இருந்தால் 43 டிகிரி வெயில் வரை தாங்கும் என்று அர்த்தம். ஆகவே, மதுரை வெயிலைச் சாக்குச் சொல்ல அதற்கு உரிமை இல்லை!

அடுத்து, ஓர் உஷ்ணமானியை ஃப்ரீஸர் பொட்டலங்களுக்கு நடுவே ராத்திரி முழுவதும் வையுங்கள். காலையில் மைனஸ் 18 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். கதவில் மின்னும் எண்ணை நம்ப வேண்டாம்; பல பெட்டிகளில் அது நாம் வைத்த எண்தானே ஒழிய, உள்ளே இருக்கும் நிஜ எண் அல்ல.

உஷ்ணமானி வேறு கணக்குக் காட்டினால் மெக்கானிக்கிடம் ஐஸ் சோதனை கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மணியைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் ஐந்து நிமிஷம் முக்க வேண்டும். அந்தக் கலவை பூஜ்யம் டிகிரி. கொதிநீரின் சூடு மதுரையில் ஒன்று, கொடைக்கானலில் ஒன்று; ஐஸ் தண்ணீர் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றேதான். (உப்பு மட்டும் சேரக் கூடாது.)

மல்டிமீட்டர் என்ன காட்டுகிறது? 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் ரகமானால், இங்கே ஏறக்குறைய 27,000 முதல் 33,000 வரை காட்டும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், கம்பெனி அட்டவணையோடு ஒத்துப் பார்ப்பதே நியாயம். வெளியே எடுத்து விரலால் பிடித்தால் எண் சீராக இறங்க வேண்டும். துள்ளிக் குதித்தால் மணி கெட்டது. அறைச் சூட்டில் மட்டும் சோதித்துவிட்டு, "சென்ஸார் நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியே யோக்கியமாக இருந்து, குளிரில் மட்டும் பொய் சொல்லும் மணிகள் உண்டு.

ஃப்ரீஸரின் பின்பலகையை நீங்களே கத்தி வைத்து நெம்ப வேண்டாம். இன்றைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது தீப்பற்றக்கூடிய வாயு. பலகையைத் திறந்ததும் உள்ளே சுருள் குழாய் முழுக்க ஐஸ் மூடியிருந்தால், அது பனி உருக்கும் பகுதியின் கோளாறாக இருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புது மணி மாட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கப் பொறுங்கள். பிறகு கீழ்த்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரில் உஷ்ணமானியை வைத்து, மறுநாள் காலையில் 2-க்கும் 8-க்கும் நடுவே காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால், பக்கத்து வீட்டு மாமியிடமிருந்து இன்சுலினைத் திரும்ப வாங்கி வந்துவிடலாம்.