மலைநாட்டில் ஓர் ஓய்வு நாள்

தொண்டு செய்யும் பொருட்டு அயல்நாடு செல்வோர் அந்நாட்டுக்குச் சிலவற்றைக் கொடுக்கின்றனர். அந்நாட்டிடமிருந்து பலவற்றைப் பெறுகின்றனர். கொடுப்பது பணி நாளில். பெறுவது பெரும்பாலும் ஓய்வு நாளில். இவ்வுண்மைக்கு நீலகிரி மலை நல்லதொரு சான்றாகும்.

உதகமண்டலத்தில் விலங்கு மருத்துவர்க்குரிய பயிற்சி நிலையம் ஒன்று உள்ளது. லூக் கேம்பிள் என்னும் ஆங்கில விலங்கு மருத்துவர் தோற்றுவித்த ‘வேர்ல்டுவைடு வெட்டெரினரி சர்வீஸ்’ என்னும் தொண்டு நிறுவனத்தைச் சார்ந்தது அது. இந்திய மருத்துவரும், அயல்நாடுகளிலிருந்து வரும் மருத்துவரும் மாணவரும் அங்கே அறுவை மருத்துவம் பயில்கின்றனர். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்தலும், வெறிநோய்த் தடுப்பூசி இடுதலும் அவர்தம் தலையாய பணிகளாம். 2013ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தினர் இந்தியாவில் வெறிநோய் ஒழிப்பு இயக்கம் ஒன்றையும் தொடங்கினர்.

கடல் கடந்து வந்து நாய்களுக்கு ஊசி போடுவானேன் என்று சிலர் வினவலாம். வெறிநோயின் தன்மையை அறிந்தோர் அங்ஙனம் வினவார். நோயுற்ற நாயின் உமிழ்நீரில் அந்நோயின் நச்சுநுண்மம் உறைகின்றது. கடிவாயின் வழியாக உட்புகுந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கின்றது. அப்பயணம் முடியச் சில வாரங்களோ சில திங்களோ ஆகலாம். அதற்குள் தடுப்பூசி இட்டுக்கொண்டவர் பிழைப்பர். நோயின் குறிகள் வெளிப்பட்டபின் பிழைத்தோர் மிக மிக அரியர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்கள் இந்நோயால் மடிகின்றனர் என மதிப்பிட்டுள்ளனர். மாந்தர்க்கு இந்நோயைத் தருவது பெரும்பாலும் நாயே. ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இட்டு, ஆண்டுதோறும் அவ்வளவு குறையாமற் காத்து வந்தால், நோய் பரவ வழியின்றி அடங்கிவிடும். ஆதலின் நாயைக் காப்பது மக்களையும் காப்பதாகும்.

நீலகிரிக்கும் இந்நோயோடு நடந்த போருக்கும் பழந்தொடர்பு உண்டு. 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தம் தடுப்பு மருந்தை இட்டு அவன் உயிரைக் காத்தார். இந்தியாவில் இம்மருத்துவத்துக்குரிய நிலையம் 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் அமைந்தது. தென்னாட்டார்க்கு அது நெடுந்தொலைவு. 1902ஆம் ஆண்டில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் பெண்மணி வெறிநோயால் உயிர் நீத்தார். அத்துயரம் பலர் நெஞ்சைத் தொட்டது. ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்க வள்ளலின் நன்கொடையும் துணை நிற்க, 1907ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. ஓர் உயிரின் இழப்பு, பல்லாயிரம் உயிர்களைக் காக்கும் நிலையம் எழக் காரணமாயிற்று.

பணியில்லா நாளில் அயல்நாட்டுத் தொண்டர் மலையின் வளத்தைக் காண விழைவது இயல்பு. அவர்க்கு ஏற்ற இடங்களுள் ஒன்று எமரால்டு. அஃது உதகையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், குந்தா வட்டத்தில் உள்ள சிற்றூர். செல்லும் வழியில் இத்தலார் என்னும் ஊர் உண்டு. சாலையின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பரந்துள்ளன. சரிவுகளைப் படிபடியாக வெட்டி அமைத்த நிலங்களில் உருளைக்கிழங்கும், முட்டைக்கோசும், காரட்டும், பூண்டும் செழித்து வளர்கின்றன.

எமரால்டு என்னும் ஆங்கிலச் சொல் மரகதத்தைக் குறிக்கும். அங்குள்ள நீர்த்தேக்கத்தைக் கண்டோர் அப்பெயர் பொருத்தமே என்பர். ஆயின் அந்நீர் கண்ணுக்கு விருந்தாவதோடு நிற்பதன்று. எமரால்டு, அவலாஞ்சி ஆகிய நீர்த்தேக்கங்கள் குந்தா நீர்மின் திட்டத்தின் உறுப்புகளாகும். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு அத்திட்டம் 1950களில் உருப்பெற்றது. 1960ஆம் ஆண்டில் மின்னாக்கம் தொடங்கிற்று. மேலே தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகவும், பெருங்குழாய்களின் வழியாகவும் பாய்ந்து கீழுள்ள பொறிகளைச் சுழற்றுகின்றது. ஒரு மின்நிலையத்தில் உழைத்த நீரே அடுத்தடுத்துத் தாழவுள்ள நிலையங்களிலும் உழைத்து, முடிவில் பவானியாற்றை அடைகின்றது. அயல்நாட்டார் இம்மலைக்குத் துணைபுரிய வந்தது இன்று நேற்றன்று என்பதை இந்நீர்த்தேக்கம் நினைவூட்டுகின்றது.

எமரால்டுக்கு அப்பால் அவலாஞ்சிக் காடு உள்ளது. பண்டு நிகழ்ந்த பெரும் மண்சரிவால் அவ்விடம் அப்பெயர் பெற்றது என்பர். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அங்கே ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. மலையின் மடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலைகளும், மேடுகளில் புல்வெளிகளும் மாறி மாறித் தோன்றும். இவ்விரண்டும் மழைநீரை உறிஞ்சித் தேக்கி, கோடையிலும் ஓடைகளில் சிறுகச் சிறுக விடுகின்றன. சீகை, தைலமரம் முதலிய அயல்நாட்டு மரங்களை நட்டமையால் புல்வெளியின் பெரும்பகுதி மறைந்தது. முகுர்த்தி மலையில் எஞ்சிய புல்வெளியே வரையாட்டுக்குப் புகலிடமாக உள்ளது. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பதை மாணவர் அறிவர்.

விலங்கு மருத்துவரின் கண்ணைக் கவரும் மற்றோர் உயிர் தோதவரின் எருமை. பிறைபோல் வளைந்து அகன்ற கொம்புகளும், குளிரைத் தாங்கும் மயிரும் உடையது அது. தோதவர்க்கு எருமை பால் தரும் விலங்கு மட்டுமன்று. அவர்தம் வழிபாடும் சடங்கும் அதனைச் சூழ்ந்தே அமைந்துள்ளன. விலங்குக்கும் மாந்தர்க்கும் உள்ள உறவை நூலிற் படித்தவர் அதனை ஈண்டு நேரிற் காண்கின்றனர்.

இக்காட்சிகளைக் கண்டு மகிழ்பவர்க்கு வேறோர் எண்ணமும் எழும். காட்டின் ஓரத்தில் ஊர் உள்ளது; ஊரில் நாய் உள்ளது; அந்நாய் எளிதிற் காட்டினுட் புகும். நீலகிரிக் காடுகளில் செந்நாய்கள் வாழ்கின்றன. அவை நாயினத்துக்கு உறவாதலின், நாயின் நோய் அவற்றையும் பற்றக்கூடும். ஆப்பிரிக்காவில், எத்தியோப்பிய நாட்டின் பேல் மலையில் 1990களின் தொடக்கத்தில், வீட்டு நாய்களிடமிருந்து பரவிய வெறிநோயால் அரிய ஓநாய்களுள் பெரும்பகுதி மாண்டன. ஆதலின் தெருவிலுள்ள நாய்க்கு இடும் ஊசி, குழந்தைக்கு மட்டுமன்றிக் காட்டுக்கும் காவலாகின்றது.

மாலையில் திரும்பும் வழியில், தேநீர்க் கடையருகே நாய் ஒன்று படுத்திருத்தல் கூடும். அதன் காதின் நுனியில் சிறு வெட்டு இருப்பின், அது கருத்தடை செய்யப்பெற்றது என்பதற்கு அடையாளம். சுற்றுலா வந்தோர் பலர் அதனைப் பாராமலே செல்வர். தொண்டரோ அதனைக் கண்டு, முன்வந்தோர் செய்த பணியின் சுவட்டை உணர்ந்து உவகை கொள்வர். அடையாளம் இல்லாத நாயைக் காணின், மறுநாள் செய்ய வேண்டிய பணியை நினைவர்.

விருந்தினராய் வந்தோர் இத்துணை அக்கறை கொள்ளுங்கால், இந்நாட்டு மாணவர்க்கும் கடமை உண்டு. வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடச்செய்தல் வேண்டும். நாய் கடித்தாலோ கீறினாலோ அச்சத்தாலோ நாணத்தாலோ அதனை மறைத்தல் ஆகாது. புண்ணை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்புதல் கூடாது. அன்றே மருத்துவமனை சென்று, மருத்துவர் குறிக்கும் நாள்களிலெல்லாம் தவறாது ஊசி இட்டுக்கொள்ளுதல் வேண்டும். கண்டு களித்த மலையை மறந்தாலும் தீங்கில்லை. இவ்வொன்றை மறத்தல் ஆகாது.